பாதுஷா மாமா தின்னாத மாம்பழம்

கோரிப்பாளையம் தர்காவுக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி, ஆறு வீடுகள் உள்ள ஒரு காம்பவுண்டில் ஆஷ்லின் பிறந்தாள். இருபத்து நான்கு வயதாகியும் அங்கேதான் இருக்கிறாள். அப்பா லூர்துராஜ் ஒரு மிஷன் பள்ளியில் வாட்ச்மேன். அம்மா இன்னாசியம்மாள் அதே பள்ளியின் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள். இரண்டு பேரும் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் ஆஷ்லின்.

வாங்கியவள் அவள் ஒருத்திதான் என்றாலும், அந்தப் பட்டத்தில் ஆறு வீட்டுப் பொருளும் சேர்ந்திருந்தது. பரீட்சைக் காலத்தில் கரண்ட் போனால் அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு பாதுஷா மாமாவின் இன்வெர்ட்டர் விளக்குக்கு ஓடினாள். கல்லூரி விழாவுக்கு அவர் மகள் ஷிபாவின் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனாள். வேலைக்கான நேர்முகத் தேர்வன்று மழை கொட்ட, மாமா தன் சீட் கவர் தைக்கும் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அவள் நனையக்கூடாது என்று, ஒரு வாடிக்கையாளருக்காகத் தைத்து வைத்திருந்த புது ரெக்சின் துணியைப் போர்த்திவிட்டார்.

அந்தக் காம்பவுண்டில் எல்லாம் அப்படித்தான். ஆறு வீட்டுக்கும் ஒரே கிரைண்டர். அது பாதுஷாவின் மனைவி சுல்தான் பீவியுடையது. ஒரே ஏணி, அது கடைசி வீட்டில் இருக்கும் பூக்காரி ராமக்காளுடையது. ஒரே பிரிட்ஜ், அது ஆஷ்லின் வீட்டினுடையது. ஆஷ்லின் ஒன்பதாவது படிக்கும்போது, பள்ளிச் சிஸ்டர்கள் தங்களுடைய பழைய பிரிட்ஜை லூர்துராஜிடம் கொடுத்தார்கள். அதே வாரம்தான் பாதுஷாவுக்கு, மாத்திரை போதாது, இனி தினமும் இன்சுலின் ஊசி என்று டாக்டர் சொன்னார். ஊசி மருந்தை எங்கே குளிரில் வைப்பது என்று பீவி யோசித்து முடிப்பதற்குள் இன்னாசியம்மாள் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை நீட்டினாள். டப்பாவின் மூடியில் பிளாஸ்திரி ஒட்டி, "பாதுஷா மாமா மருந்து. யாரும் தொடாதீங்க" என்று எழுதியது ஆஷ்லின்தான்.

மருந்தைத் தொடர்ந்து மாவு வந்தது, ராமக்காளின் கட்டிய மல்லிகை வந்தது, மீன் குழம்பு வந்தது. இன்னாசியம்மாள் ஒரே ஒரு சட்டம் போட்டாள். "மருந்தத் தவிர யாரும் எதையும் எடுத்துக்கலாம். எடுத்தா வாயத் தொறந்து சொல்லிப்புடணும்." அவசரத்துக்கு ராமக்காளின் தயிரை எடுத்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த இடத்தில் வேறொரு வீட்டுக் குழம்பு இருந்தது. பத்து வருஷத்தில் அந்தப் பெட்டியை வைத்து ஒரு சண்டை வந்ததில்லை.

இந்த வருஷம் ஆஷ்லின் தன் சம்பாத்தியத்தில் புது பிரிட்ஜ் வாங்கினாள். இரண்டு கதவு வைத்தது, வெள்ளி நிறம். மேல் கதவைத் திறந்தால் ஐஸ் பெட்டி மட்டும் தனியாக. கீழே கண்ணாடித் தட்டுகள். தண்ணீர் பாட்டில்களும் பழங்களும் வரிசையாக நிற்கும் ஒரு படம் அவள் மனதில் இருந்தது. ஒரே வாரத்தில் கண்ணாடித் தட்டுகளில் பழைய டப்பாக்கள் வந்து உட்கார்ந்தன. கதவைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு மணத்தது. எரிச்சல் வந்தது. எரிச்சல் வந்ததே என்று இன்னொரு எரிச்சலும் வந்தது. தனக்கென்று ஒரு தட்டு கேட்பது தப்பா? கேட்டால் என்ன சொல்வார்கள்? அவள் கேட்கவில்லை.

மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பாவும் அம்மாவும் சமயநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். ஆபீஸில் உடன் வேலை பார்க்கும் சுபலட்சுமியும் இன்னும் இரண்டு பெண்களும் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சுபலட்சுமியின் வீடு கோச்சடையில், லிப்ட் வைத்த அடுக்குமாடியில். அங்கே ஒரு முறை போனபோது அவர்கள் வீட்டு பிரிட்ஜை ஆஷ்லின் பார்த்திருந்தாள்.

அவர்கள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் ஆஷ்லின் கீழ்க்கதவைத் திறந்து பார்த்தாள். துணியில் சுற்றிய பூப்பொட்டலம். மாவுத் தூக்குவாளி. பிளாஸ்திரி ஒட்டிய டப்பாக்கள். யாராவது தண்ணீர் எடுக்கத் திறந்தால் இதுதான் கண்ணில் படும். அந்தந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், "எதுக்கு?" என்று கேட்பார்கள். அவள் எல்லாவற்றையும் அள்ளி மேலே, ஐஸ் பெட்டிக்குள் திணித்தாள். கடைசியாகக் கையில் வந்தது அந்தச் சின்ன டப்பா. மூடியில் அவளுடைய ஒன்பதாம் வகுப்புக் கையெழுத்து. அதையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பெண்கள் வந்தார்கள், சிரித்தார்கள், செல்பி எடுத்தார்கள். நடுவில் பீவி வாசலில் எட்டிப் பார்த்து, "விருந்தாளியா ஆஷ்லி? சேரு வேணுமா, கொண்டாரவா?" என்றாள்.

"வேணாம் மாமி" என்று சொல்லிக்கொண்டே ஆஷ்லின் கதவைப் பாதி சாத்தினாள்.

வாங்கி வைத்த கேக் போதவில்லை. பழம்தானே என்று அவள் எடுக்காமல் விட்ட மூன்று மாம்பழம் கீழ்த் தட்டில் இருந்தது. வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து வரப்போகும் ஷிபாவுக்காக பீவி வைத்தது. அதில் ஒன்றை ஆஷ்லின் நறுக்கினாள். எடுத்தால் சொல்ல வேண்டும், அவ்வளவுதானே. சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

ஐந்து மணிக்கு அவர்கள் போனபிறகு மேல்கதவைத் திறந்தாள். பூ கண்ணாடி மாதிரி விறைத்திருந்தது. மருந்துக் குப்பிக்குள் வெள்ளையாக ஐஸ் கட்டியிருந்தது. அவள் பதறிப்போய்க் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து இளக்கினாள். கொஞ்ச நேரத்தில் அது பழையபடி ஆகிவிட்ட மாதிரிதான் இருந்தது. தண்ணீர் உறைந்து இளகினால் மறுபடியும் தண்ணீர்தானே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, டப்பாவையும் மற்றதையும் அதனதன் இடத்தில் வைத்தாள்.

ராமக்காள் வந்து பூவை எடுத்துப் பிரித்தாள். மல்லிகை முழுக்கப் பழுப்பேறித் துவண்டு கிடந்தது.

"என்னடி பாப்பா, வேக வச்சாப்புல கெடக்கு?"

"பிரிட்ஜுல ஏதோ கோளாறுன்னு நெனைக்கிறேன்க்கா."

"புதுப் பொட்டியில்ல, பூவோட பழகல. போகப் போகச் சரியாயிரும்." அன்றைக்கு விற்க வேண்டிய பூ அது. ராமக்காள் சிரித்துக்கொண்டே அதைக் குப்பையில் போட்டாள். அந்தச் சிரிப்புக்கு முன்னால், மாம்பழம் எடுத்ததைச் சொல்ல ஆஷ்லினுக்கு வாய் வரவில்லை. சொன்னால் யாருக்கு என்பார்கள். யாருக்கு என்று சொன்னால் மற்றதும் வரும்.

மறுநாள் ஆபீஸில் சுபலட்சுமி கேட்டாள். "ஐஸ் எடுக்கலாம்னு மேல தொறந்தேன். உள்ள பேர் எழுதுன டப்பா எல்லாம் இருந்துச்சே. பாதுஷா மாமா யாரு?"

"அது... தெரியல. பழைய டப்பா" என்றாள் ஆஷ்லின்.

யாரும் வற்புறுத்தாமலே சொன்னாள். சேவல் கூவுவதற்குள் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவைப் பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது, இந்த மனுஷன் ஏன் இப்படிப் பயந்தார் என்று அவள் நினைத்ததுண்டு.

புதன்கிழமை காலையில் பாதுஷா கடையில் தையல் மெஷின் மேலேயே சாய்ந்துவிட்டார். ஆட்டோவில் கொண்டுபோய்ப் பார்த்ததில் சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் கொஞ்ச நேரம் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்ததும் பீவி நேராக வந்து பிரிட்ஜைத் திறந்தாள். திரும்பிப் போய் முற்றத்துக் குழாயடியில் நின்று கத்தினாள். பிற்பகல் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஆஷ்லினுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது.

"மூணு பழம் வச்சேன். ரெண்டுதான் கெடக்கு. எலி வந்து பிரிட்ஜத் தொறந்துச்சாக்கும்?"

"நா தின்னலங்கிறேன்ல."

"நாக்கக் காட்டுங்க."

"மூணு நாளைக்கு முந்தித் தின்ன பழம் நாக்குலயா இருக்கும்?"

"அப்ப மூணு நாளைக்கு முந்தித் தின்னுருக்கீங்க!"

காம்பவுண்டே சிரித்தது. பாதுஷாவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. தலையைப் பிடித்துக்கொண்டு, "அல்லா மேல ஆணையா நா தின்னல பீவி" என்றார்.

சிரிப்பு நின்றது. பீவியின் முகம் மாறிவிட்டது. "பழத்தத் தின்னது போகட்டும்" என்றாள் மெதுவாக. "அதுக்குப் போய் ஆணை வைக்கிறீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதோடு அவரிடம் பேச்சை நிறுத்தினாள்.

ஆஷ்லின் ஆபீஸ் கழிப்பறையில் நின்றுகொண்டு போனில் தேடிப் பார்த்தாள். ஒரு முறை உறைந்த இன்சுலின் இளகினாலும் வேலை செய்யாது, எறிந்துவிட வேண்டும் என்று நான்கு இடத்தில் ஒரே மாதிரி போட்டிருந்தது. சுவரில் சாய்ந்தாள். அப்பொழுதே மாமிக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். அவள் அதைச் செய்யவில்லை. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வழியில் மருந்துக் கடையில் அதே பெயருள்ள குப்பியை வாங்கி, சாயங்கால ஊசிக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் டப்பாவில் மாற்றி வைத்தாள். பழையதைப் பேப்பரில் சுருட்டி வைகைப் பாலத்துக்குப் பக்கத்திலிருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள். தப்பைத் திருத்தியாகிவிட்டது என்று நினைத்தாள். ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நாலைந்து நாளில் சர்க்கரை இறங்கியது. அப்போதுதான் அவள் செய்த காரியத்தின் மறுபக்கம் தெரிந்தது.

"பாத்தியா இன்னாசி" என்றாள் பீவி, கிரைண்டரைக் கழுவிக்கொண்டே. "வீட்டுல பழமே இல்லாம எல்லாத்தையும் தூக்கிக் குடுத்தேன். சுகரு தன்னால எறங்கிருச்சு. இதுக்கு மேல சாட்சி வேணுமா?"

பாதுஷாவின் குற்றம் உறுதியாகிவிட்டது. உறுதி செய்தது ஆஷ்லின் மாற்றி வைத்த மருந்து. வெள்ளிக்கிழமை வந்த ஷிபா தன் பங்குக்கு அத்தாவைத் திட்டிவிட்டுப் போனாள். பீவி சோறு வைத்ததைக்கூட நேராகச் சொல்லவில்லை. "இன்னாசி, ஒங்க அண்ணன்கிட்டச் சொல்லு, தட்டு வச்சாச்சுன்னு." கடைப்பக்கம் போனால், "என்ன பாய், மல்கோவாவா, இமாம்பசந்தா?" என்று கேலி. முப்பது வருஷம் ஒரே இடத்தில் கடை வைத்து, நாளைக்குத் தருகிறேன் என்றால் நாளைக்குத் தருகிறவர் என்று பெயர் எடுத்த மனிதர் அவர். இப்போது அவர் வைத்த ஆணையை அவர் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை.

ஒரு சாயங்காலம் ஆஷ்லின் வேலையிலிருந்து வந்து காம்பவுண்டு கேட்டைத் திறந்தபோது, பாதுஷா ஸ்கூட்டர் மேல் உட்கார்ந்திருந்தார்.

"பாப்பா, இங்கிட்டு வா. நீ படிச்ச புள்ள. ஒண்ணு கேக்குறேன், சிரிக்கக்கூடாது."

"சொல்லுங்க மாமா."

"மனுசன் தூக்கத்துல எந்திரிச்சு நடந்து போயி, பழத்தத் தின்னுட்டு, காலையில மறந்துருவானா? அப்படி ஒரு வியாதி இருக்காமே. நெட்டுல பாத்துச் சொல்லு."

அவள் கேட்டைத் திரும்பிச் சாத்தினாள்.

"நா தின்னலன்னு எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் அவர். "ஆனா பழமும் கொறஞ்சிருக்கு, சுகரும் ஏறியிருக்கு. அவ சொல்றது கணக்கா ஒத்துவருது. எனக்கே எம்மேல சந்தேகமாப் போச்சு தாயி. தெரியாமப் பொய்யாணை வச்சிருந்தா, அதுக்குப் பரிகாரமாச்சும் செய்யணும்ல."

ஆஷ்லினின் பை தோளிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. "மாமா, உங்க வீட்டுக்குள்ள வாங்க" என்றாள். "மாமியையும் வச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்."

பீவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஆஷ்லின் நின்றுகொண்டே சொன்னாள். மாம்பழத்தை முதலில் சொன்னாள், அதுதான் சுலபமாக இருந்தது. பிறகு ஐஸ் பெட்டியை. பிறகு மருந்தை மாற்றியதை. ராமக்காளின் பூவைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

"அட, கேட்டியா!" பாதுஷா துள்ளி எழுந்தார். மருந்து வீணாய்ப்போனது, மயங்கி விழுந்தது எதுவும் அவர் காதில் ஏறின மாதிரியே தெரியவில்லை. "கேட்டியா பீவி! நா தின்னல! இன்னாசி, ஏ லூர்து, எல்லாரும் இங்க வாங்கப்பா! நா தின்னல!" என்று முற்றத்துக்கு ஓடினார்.

பீவி கத்தியைக் கீழே வைத்தாள். பத்து நாளாகக் கணவனை என்னவெல்லாம் சொன்னோம் என்று அவள் முகத்தில் ஓடியது தெரிந்தது. பிறகு ஆஷ்லினைப் பார்த்தாள்.

"எதுக்கு எடுத்து ஒளிச்ச?"

"பிரண்ட்ஸ் வந்தாங்க மாமி..."

"வந்தா?"

ஆஷ்லின் தரையைப் பார்த்தாள்.

"எங்க டப்பா ஒனக்கு அசிங்கமா இருந்துச்சு." பீவி கேள்வியாகக் கேட்கவில்லை. "ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே எடுத்துட்டுப் போயிருப்பேனே புள்ள. ஒன் கூட்டாளிகளுக்குப் பழமும் அறுத்து அனுப்பிருப்பேன். அன்னைக்கு வாசல்ல வந்து கேட்டேன்ல, சேரு வேணுமான்னு."

அதற்குள் இன்னாசியம்மாள் வாசலுக்கு வந்திருந்தாள். அவள் மகளை அடிக்கவில்லை. "நா எட்டாங்கிளாஸு" என்றாள். "எனக்கே தெரியும், அந்த மருந்து ஐஸாகக் கூடாதுன்னு. டாக்டர் சொன்னத மதினி அன்னைக்கே எங்கிட்டச் சொல்லுச்சு. நீ யார்கிட்டடி கேட்ட?"

சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் ஆஷ்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மறுநாள் பீவி மருந்து டப்பாவை எடுத்துப் போனாள். மண்பானையில் ஈர மணல் போட்டு அதற்குள் வைத்தாள். "பூவெல்லாம் இன்னைக்கே வித்துருச்சு பாப்பா, வைக்கிறதுக்கு இல்ல" என்றாள் ராமக்காள். அதற்கடுத்த நாளும் விற்றுவிட்டது என்றாள். ஒவ்வொரு டப்பாவாகக் கிளம்பிப் போனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. பீவியின் கிரைண்டருக்குப் போக வெட்கப்பட்டு இன்னாசியம்மாள் கடையில் மாவுப் பாக்கெட் வாங்கினாள். பல்பு மாற்ற ஏணி கேட்கத் தயங்கி, லூர்துராஜ் சேர் மேல் ஸ்டூல் போட்டு ஏறினார்.

இப்போது ஆஷ்லின் கீழ்க்கதவைத் திறந்தால் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. மனதில் இருந்த படம் அப்படியே இருந்தது. ஒரு தட்டில் நான்கு ஆப்பிள். உள்விளக்கு எல்லாவற்றின் மேலும் பளிச்சென்று விழுந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

ஆபீஸில் சுபலட்சுமியிடம் போய், "பாதுஷா மாமா எங்க பக்கத்து வீடு. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றாள்.

சுபலட்சுமி புரியாமல் பார்த்தாள். "அதுக்கு எதுக்குப்பா பொய்? எங்க பிளாட்டுல எதிர்வீட்டுக்காரங்க பேரே எனக்குத் தெரியாது. போன மாசம் கேஸ் தீந்து ராத்திரி பூரா பிரெட்டு தின்னோம்."

அவள் அதைச் சாதாரணமாகச் சொன்னாள். ஆஷ்லினுக்குச் சுருக்கென்றது. யாரைப் பார்த்து வெட்கப்பட்டாளோ, அவள் இதைப் பெரிதாக நினைக்கவே இல்லை.

சனிக்கிழமை இன்னாசியம்மாள் பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டுப் பார்த்தாள். உறை ஊற்ற வீட்டில் ஒரு சொட்டு மோர் இல்லை. எப்போதும் யாருடைய தயிராவது பிரிட்ஜில் இருக்கும். அதில் ஒரு கரண்டி எடுத்துவிட்டுச் சொன்னால் போதும். "கடையில பாக்கெட்டுத் தயிர் வாங்கிட்டு வா" என்றாள் அம்மா.

ஆஷ்லின் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருமுனைக் கடைக்குப் போகவில்லை. பீவி வீட்டு வாசலில் போய் நின்றாள். இனி அந்த வீட்டில் எதுவும் கேட்கிற தகுதி தனக்கில்லை என்று பத்து நாளாக நினைத்துக்கொண்டிருந்தவள். ஆனால் கேட்காமலே இருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை பாதி சாத்திய கதவை முழுதாகச் சாத்தியதாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது.

"மாமி, உறை ஊத்தக் கொஞ்சம் மோர் வேணும்."

பீவி அவளையும் டம்ளரையும் பார்த்தாள். உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். கால் டம்ளர் போதும். அவள் அரை டம்ளர் ஊற்றியிருந்தாள்.

மறுநாள் மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஆஷ்லின் கெட்டியாக உறைந்த தயிரில் ஒரு கிண்ணம் நிறைய எடுத்துக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து பாதுஷாவின் குரல் வந்தது. "யாரு, ஆஷ்லியா? தயிரா? பாப்பா, எத்தன கரண்டின்னு எண்ணி வச்சிட்டுப் போ. நாளைக்குக் கொறஞ்சா எந்தலதான் உருளும்."

"வாய மூடிட்டுச் சாப்புடுங்க" என்றாள் பீவி. ஆனால் நேராக அவரிடமே சொன்னாள்.

கிண்ணத்தை வாங்கிக்கொண்டவள் திரும்பும்போது, ஆஷ்லின் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மாமி... மருந்து?"

"மருந்து பானையிலயே இருக்கட்டும்" என்றாள் பீவி. பட்டென்று சொன்னாள். ஆஷ்லின் தலையை ஆட்டினாள். அது நியாயம்தான்.

இரண்டு அடி நடந்திருப்பாள். "இந்தா, நில்லு" என்று பின்னால் குரல் வந்தது. பீவி கையில் மாவுத் தூக்குவாளி இருந்தது. "இந்த வெயிலுக்கு மத்தியானத்துக்குள்ள புளிச்சுப் போகுது. கொண்டுபோயி வையி."

ஆஷ்லின் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து பிரிட்ஜைத் திறந்தாள். ஆப்பிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுத்தட்டில், யார் கதவைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், தூக்குவாளியை வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவுக்கு இடம் விட்டாள்.